வழக்கத்துக்கு மாறானது

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழ்நகரில், வங்கிக்குள் போகிறவர்கள் முதலில் கதவிடம் மணிக்கட்டை நீட்ட வேண்டும். கதவு நாடி பார்க்கும், வியர்வையை முகரும், மனத்தில் கள்ளம் இல்லை என்று பட்டால் வழிவிடும். செருப்பைக் கழற்றுவதுபோல எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

அன்று சகாயமேரியை அது உள்ளே விட்டது. ஆனால் அவளுடைய பணத்தை வங்கி விடவில்லை. பனிச்சுரங்கம் சரிந்து கணவன் அந்தோணி இறந்து நான்கு மாதம். இழப்பீடாக வந்த ஆறு லட்சத்தை ஐயமானி முடக்கியிருந்தது. எந்தப் பரிமாற்றம் சந்தேகத்துக்குரியது என்று கண்டுபிடித்து, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் இயந்திரம் அது.

"அவரு செத்ததுக்குக் குடுத்த காசும்மா. இதுல என்னம்மா சந்தேகம்?"

அறிக்கை அலுவலர் பூங்கோதை காரணத்தைச் சொல்லக் கூடாது. அறிக்கை போனதை வாடிக்கையாளரிடம் சொல்வதே குற்றம். அவளை அனுப்பிவிட்டு, அந்தோணியின் பெயரைத் தேடினாள். அவன் பெயரில் இன்னொரு கணக்கு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நாற்பத்தொன்பதாயிரம் உள்ளே வந்து, ஒரு மணி நேரத்தில் பூமிக்குப் போய்க்கொண்டிருந்தது. போன வெள்ளியும்தான். ஐம்பதாயிரத்தைத் தாண்டினால்தான் யாரும் கேட்பார்கள். இதேபோல இன்னும் முப்பத்தொன்பது தொழிலாளிகளின் பெயர்கள். பணம் வந்த இடம் ஒன்றே: சுரங்க முதலாளி வைரப்பெருமாள்.

"இதை ஏன் விட்டாய்?" என்று ஐயமானியைக் கேட்டாள்.

"பதினோரு ஆண்டுகளாக ஒரே நாள், ஒரே தொகை. வழக்கமான பரிமாற்றம். ஐயமில்லை."

"செத்தவன் பணம் அனுப்புறான்!"

"தவறாமல் அனுப்புகிறார்."

பூங்கோதை மேலாளர் ஞானசுந்தரத்திடம் ஓடினாள்.

"வைரப்பெருமாள் பனி வெட்டலைன்னா ஊருக்கே தண்ணி கிடையாதும்மா. கண்டுக்காம விடுங்க."

"கண்டுக்கச் சொல்லித்தான் சார் சட்டம் இருக்கு."

நாற்பது பெயர்களையும் எழுதி, தானே கையொப்பமிட்டு, பூமியிலுள்ள கண்காணிப்பு மன்றத்துக்கு அனுப்பினாள்.

மூன்று மணி நேரத்தில் ஒரு கணக்கு முடங்கியது. பூங்கோதையின் சம்பளக் கணக்கு.

"என் கணக்கை எதுக்கு முடக்கினே?"

"இக்கிளையின் முப்பது ஆண்டுகளில் மனிதர் ஒருவர் தாமாக அறிக்கை அனுப்பியது இதுவே முதல் முறை. வழக்கத்துக்கு மாறான நடத்தை. மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டேன்."

"எது வழக்கம்னு உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"பூமியின் இருபத்தோராம் நூற்றாண்டு வங்கிக் கோப்புகள். அதிகாரிகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். ஏழைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும் வழக்கம் அங்கே இல்லை."

பூங்கோதை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதிய அறிக்கைப் படிவம் ஒன்றைத் திறந்தாள்.

"வாராவாரம் எழுதுறேன். வழக்கமாயிடும்ல?"