சால்மனைத் தொடாதே!

பம்பரத்தின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அடுப்பைக் கடந்து போகிறவர் யாராக இருந்தாலும், அடுப்பில் இருப்பதை ஒரு கிண்டு கிண்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

சும்மா வந்த சட்டம் இல்லை அது. இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பா கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தித்தாளில் மூழ்கிப்போனார். கஞ்சி தீய்ந்து கரியாகி, சட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போனது. நாற்றம் மூன்று நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அம்மா போட்ட சட்டம் அது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் அடிப்பிடித்ததில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவர்கூட, போகும்போது குழம்பை ஒரு கிண்டு கிண்டிவிட்டுத்தான் போனார்.

பம்பரத்துக்குப் பதினோரு வயது. ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள். தம்பிக்கு ஆறு வயது. அவன் பெயர் வாண்டு. ஏன் அந்தப் பெயர் என்று அவனோடு ஐந்து நிமிடம் இருந்து பார்த்தவர்கள் கேட்பதில்லை.

அன்று காலையிலிருந்தே பம்பரத்துக்குக் கால் தரையில் படவில்லை. அம்மா ஒன்பது வருடமாகப் பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கிறாள். இன்று அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. தேறிவிட்டால் அந்தப் பெரிய பேருந்தை அவளே ஓட்டலாம்.

"அப்பா, இன்னிக்கு நான் சமைக்கப் போறேன். அம்மாவுக்கு சால்மன் மீன்!" என்றாள் பம்பரம்.

அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். அன்று அவருக்கு விடுமுறை. அவர் புருவத்தை உயர்த்தினார். "சால்மனா? ஏன், முட்டை பொரிக்கக் கூடாதா? அது உனக்கு நல்லா வருமே."

"அம்மா போன மாசம் அவங்க ஃபிரெண்டு வீட்ல சாப்பிட்டுட்டு வந்து எத்தனை நாள் அதையே சொன்னாங்க! தோல் மொறுமொறுன்னு இருந்துச்சாம். உள்ள பஞ்சு மாதிரி இருந்துச்சாம். பாஸ் ஆயிட்டா கொண்டாட்டத்துக்கு. ஆகலைன்னா ஆறுதலுக்கு. எப்படியும் மீன் உண்டு!"

மீன்கடைக்குப் போக அப்பா எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பம்பரத்தோடு கிளம்பினார்.

மீன்கடை அக்கா, ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று நாலு துண்டுகளை வெட்டிக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளித்தாள் மாதிரி தோல் ஒட்டியிருந்தது.

"யார் சமைக்கப் போறா?"

"நான்தான்க்கா!"

"அப்போ நீதான் கவனமாக் கேட்டுக்கணும்" என்று அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "முதல்ல துணியால ஒத்தி ஒத்தி ஈரமே இல்லாம துடைச்சிடு. எண்ணெய் நல்லாக் காய்ஞ்சதும் தோல் பக்கம் கீழ இருக்கற மாதிரி வை. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. தொடவே கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"நாலஞ்சு நிமிஷம். பக்கவாட்டுல பாத்துக்கிட்டே இரு. கீழேருந்து வெளுத்துக்கிட்டே மேல ஏறும். முக்கால்வாசி வெளுத்ததும் திருப்பிப் போட்டு ஒரே நிமிஷம் வெச்சு எடு. அவசரப்பட்டுக் கிளறினா வாணலியோட ஒட்டிக்கும். பொறுமையா இருந்தா அதுவே விட்டுக் கொடுக்கும். இன்னொண்ணு, சுடச்சுட சாப்பிட்டுடணும். ஆறிப்போனா தோல் தொளதொளன்னு ஆயிடும்."

பம்பரம் வழியெல்லாம் அதை ஒப்பித்துக்கொண்டே வந்தாள். ஒத்து, துடை, வை, தொடாதே. ஒத்து, துடை, வை, தொடாதே.

மாலை ஐந்தரைக்கு சமையலறையில் வேலை தொடங்கியது. பம்பரம் மீனைத் துடைத்த துடைப்பில் துணி நனைந்தது, மீன் காய்ந்தது. உப்பும் மிளகுத்தூளும் தடவினாள்.

"முதல்ல என்னோட துண்டை மட்டும் பொரிச்சுப் பாக்கறேன்ப்பா. சரியா வந்தா அப்புறம் உங்க மூணு பேரோடதும்" என்றாள். நாலில் சின்னதாக இருந்த துண்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அப்பா அடுப்பைப் பற்றவைத்தார். எண்ணெய் காய்ந்தது. பம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோல் கீழே இருக்கும்படி துண்டை மெதுவாக இறக்கினாள். 'ஸ்ஸ்ஸ்' என்று வாணலி சத்தம் போட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"பாத்தீங்களாப்பா! பாத்தீங்களா!"

எலுமிச்சம்பழம் வெட்ட வேண்டும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் மேசைப் பக்கம் திரும்பினாள்.

அந்த நேரம் பார்த்து வாண்டு தண்ணீர் குடிக்க வந்தான். குடித்தான். போகும்போது கரண்டியை எடுத்து ஒரு கிண்டு கிண்டிவிட்டுப் போனான். அப்பா குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு அடுப்பைக் கடந்தார். நாளெல்லாம் வண்ண வாளியைக் கலக்கிப் பழகிய கை அது. சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று. அவரும் ஒரு கிண்டு கிண்டினார்.

பம்பரம் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். என்ன பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாளோ, கரண்டியை எடுத்து அவளும் வட்டமாக ஒரு கிண்டு கிண்டினாள்.

கிண்டிய பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

தோல் வாணலியோடு ஒட்டிக் கிழிந்து கிடந்தது. மீன் உதிர்ந்து தூள்தூளாகியிருந்தது.

"யாரு கிண்டினது?" என்று அலறினாள்.

வாண்டு கதவு ஓரமாக எட்டிப் பார்த்தான். "நான் ஒரே ஒரு தடவைதான்க்கா. சட்டம்ல?"

அப்பா தலையைச் சொறிந்தார். "நானும் ஒரு தடவை... கை தானாப் போயிடுச்சும்மா."

பம்பரத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது கரண்டி தன் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"நானும்தான்" என்றாள் மெதுவாக. கண்ணில் நீர் முட்டியது. அம்மா வரும் நேரம் ஆகிவிட்டது. இருப்பதோ மூன்று துண்டு. அதுவும் தூளாகிவிட்டால் அம்மாவுக்கு என்ன கொடுப்பது?

"நாங்க வேணா வெளியே போய் நிக்கட்டுமா?" என்று அப்பா கேட்டார்.

வாண்டுவின் முகம் சுருங்கிப்போனது. அம்மாவுக்கு மீன் பொரிக்கும்போது அவனைத் தெருவில் நிற்கச் சொன்னால் எப்படி? பம்பரம் அவனைப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை கரண்டி இல்லாமலே காற்றில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது. சும்மா இரு என்று சொன்னால் இந்தக் கைகள் கேட்கப் போவதில்லை. கிண்டுவதற்கு வேறு ஏதாவது கொடுத்துவிட்டால்?

"யாரும் போக வேண்டாம்! அப்பா, இந்தாங்க கிண்ணம். வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, பூண்டு. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் கலக்குங்க. வாண்டு, இது தயிர், இது வெள்ளரிக்காய். உன் இஷ்டத்துக்குக் கிண்டு. இந்தக் கிண்ணத்துக்கு நீதான் ராஜா."

"எவ்வளவு வேணாலும் கிண்டலாமா?"

"கை வலிக்கற வரைக்கும்!"

வாண்டு ஒரு குதி குதித்தான்.

தன் கையை என்ன செய்வது? அவளுக்குத் தன்மேலும் நம்பிக்கை இல்லை. சுவரிலிருந்த வட்டக் கடிகாரத்தைக் கழற்றி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நேரம் பார்த்த மாதிரியும் ஆயிற்று, கையைக் கட்டிப்போட்ட மாதிரியும் ஆயிற்று.

அப்போது அப்பாவின் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வைத்தார்.

"பஸ்லேருந்து இறங்கிட்டாளாம். பத்து நிமிஷத்துல வந்துடுவா."

"பாஸா?"

"வந்து சொல்றேன்னு வெச்சுட்டா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு." அப்பா கிண்ணத்தை இன்னும் வேகமாகக் கலக்கினார்.

பம்பரம் உதிர்ந்த மீனை வழித்து ஒரு தட்டில் வைத்தாள். வாணலியைத் தேய்த்துக் கழுவித் துடைத்து மீண்டும் அடுப்பில் வைத்தாள். எண்ணெய் காய்ந்தது. மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாக இறக்கினாள். ஸ்ஸ்ஸ்! ஸ்ஸ்ஸ்! ஸ்ஸ்ஸ்! கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நிமிடம். மீனின் அடியில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. கை நமநமவென்று அரித்தது. இரண்டு நிமிடம். கோடு ஏறியது. அடுப்புப் பக்கம் யாருடைய கையும் போகவில்லை. வாண்டு தயிரைப் பாதி மேசைக்கும் பாதி மூக்குக்கும் பூசியிருந்தான். கேட்பாரில்லை.

தடால் என்று வாசல் கதவு திறந்தது.

அம்மா! பத்து நிமிடத்து வழியை ஓடியே வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. முகத்தைப் பார்த்தால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. பையைப் போட்டுவிட்டு நேராக அடுப்பிடம் வந்தாள். பழகிய கை பழகிய இடத்துக்குப் போனது. கரண்டியை எடுத்தாள்.

'தொடாதே!' என்று கத்தத்தான் பம்பரம் வாயெடுத்தாள். ஒருவேளை அம்மா தோற்றுப்போய் வந்திருந்தால்? வந்ததும் வராததுமாக ஒரு அதட்டலா?

"அம்மா!" என்று கடிகாரத்தை நீட்டினாள். "இதுதான் ஸ்டியரிங். இன்னிக்கு எப்படி ஓட்டினே? காட்டு!"

அம்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு கரண்டி மேசைக்குப் போனது. கடிகாரம் இரண்டு கைக்குள்ளும் வந்தது. அவ்வளவுதான், அம்மா சமையலறையில் இல்லை. பேருந்தில் இருந்தாள்.

"டெஸ்ட் வெச்ச ஆபீசர் கடைசியா ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். ரெண்டு தூணுக்கு நடுவுல! எனக்கு முன்னாடி போன ரெண்டு பேரும் தூணை இடிச்சுட்டாங்க."

"அய்யோ!" என்றார் அப்பா.

அம்மா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே, ஓரடி ஓரடியாகப் பின்வாங்கினாள். "பீப்! பீப்! பீப்!" என்று வாண்டு பின்னாலிருந்து சத்தம் கொடுத்தான்.

"வா, வா, வா... இடது பக்கம் ஒடி!" என்று அப்பா கிண்ணத்தோடு வழிகாட்டினார்.

பம்பரத்துக்கு ஒரு காது அங்கே. இரண்டு கண்ணும் வாணலியில். கடிகாரம் கைவிட்டுப் போய்விட்டது. இனி நிமிடக் கணக்கு இல்லை, வெள்ளைக் கோடுதான் கணக்கு. பாதி ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம். ஓரத்தில் தோல் பொன்னிறமாகச் சுருண்டது.

"தூண் கண்ணாடியில தெரியுது. கிட்ட வருது. இன்னும் கிட்ட. என் நெஞ்சு அடிக்கறது எனக்கே கேக்குது..."

"அப்புறம்?"

"ஒரு சாண் இடைவெளியில நிறுத்திட்டேன்! அவர் இறங்கி வண்டியை ஒரு சுத்துச் சுத்திப் பாத்தார். ஒண்ணுமே சொல்லலை. தாள்ல ஏதோ எழுதினார்."

முக்கால்வாசி! பம்பரம் தட்டைக் கரண்டியை முதல் துண்டின் அடியில் கொடுத்தாள். மனதுக்குள் இருந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

"எழுதிட்டு நிமிந்து, 'திங்கட்கிழமைலேருந்து நீங்க வண்டி எடுக்கலாம்'னார்!"

மீன் வாணலியிலிருந்து வழுக்கிக்கொண்டு கரண்டியில் ஏறியது. ஒரு துணுக்குகூட ஒட்டவில்லை.

"பாஸ்!" என்று அப்பா கத்தினார்.

"ஒட்டவே இல்லை!" என்று பம்பரம் கத்தினாள்.

"பீப்!" என்று வாண்டு கத்தினான்.

மூன்று துண்டும் திரும்பின. மூன்றின் தோலும் பொன் தகடாக மின்னியது. அம்மா கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்து நின்றாள். "இதை நீயாடி பண்ணினே?" என்று கேட்டாள்.

ஒரு நிமிடத்தில் மீன் தட்டுக்கு வந்தது. அப்பாவின் வெண்ணெய்ச் சாறு மேலே. மிச்சமிருந்த தயிர் பக்கத்தில். மூன்று தட்டில் முழு மீன். நாலாவது தட்டில் உதிர்ந்த மீன். அந்தத் தட்டைப் பம்பரம் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல நீ சாப்பிடும்மா. ஆறிடும்!"

அம்மா ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். 'கர்ரக்' என்று எல்லோருக்கும் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அன்னிக்கு சாப்பிட்டது இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை" என்றாள்.

கண்ணைத் திறந்தபோது பம்பரத்தின் தட்டு அவள் பார்வையில் பட்டது. தன் மீனிலிருந்து பெரிய பாதித் தோலைப் பிய்த்து அங்கே வைத்தாள். அப்பாவும் ஒரு பாதி வைத்தார். வாண்டு தன் தட்டை வெகுநேரம் முறைத்துப் பார்த்தான். கடைசியில் நகம் அளவுக்குக் கிள்ளி எடுத்து, மனசே இல்லாமல் வைத்தான்.

பம்பரம் முதலில் அந்த நகத்தளவுத் துண்டைத்தான் வாயில் போட்டாள். கர்ரக்!

"இன்னொரு துண்டு வேணுமாக்கா?" என்று கேட்டான் வாண்டு, தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு.