பழைய சாப்ட்வேரை அழித்த கை

சாயங்காலத்துக்குள் இன்ஜினியர் பெண்ணைப் போலீசில் ஒப்படைப்பதென்று இணையக் கம்பெனி முடிவு கட்டிவிட்டது. அவளுடைய அண்ணன் ஓடிவந்து அழுததும், சோடாபுட்டி என்ற பட்டப்பெயர் கொண்ட துப்பறிவாளர் தம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவருடைய உதவியாளர், ஊரே அவசரக்குடுக்கை என்றழைக்கும் மனிதர், அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

நடந்தது கொடுமைதான். கிளையூர்க் கிளை அலுவலகத்தின் ரூட்டரில், அதாவது ஊருக்கே இணையத்தையும் போனையும் பிரித்தனுப்பும் கருவியில், பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகத் தகவல் வர, அவள் முந்தின நாள் காலை பத்து இருபதுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்தே புது சாப்ட்வேரை ஏற்றினாள். அது சொதப்பி, அந்த நிமிடமே கிளையூரின் ஒரே இணைப்பு அறுந்தது. ஆறு மணி நேரம் எந்தப் போனும் போகவில்லை. நெஞ்சுவலியில் துடித்த தச்சர் ஒருவர், ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாமல் மனைவியின் கண்ணெதிரே செத்துப்போனார்.

புதியது சொதப்பினால் பழைய சாப்ட்வேருக்குத் திரும்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் பழையது அழிக்கப்பட்டிருந்தது. யார் எப்போது என்ன செய்தார் என்று ரூட்டர் தானே குறித்துவைக்கும் பதிவில், அழித்த நேரம் பத்து முப்பத்தொன்று, அழித்தவர் பெயர் அவளுடையது.  இனி இந்தப் பெண்ணை யார் காப்பாற்றுவது என்று அவசரக்குடுக்கை புலம்பினார்.

கிளை அலுவலகத்தில் மேற்பார்வையாளர் தாமாகவே எல்லாம் சொன்னார். ரூட்டர் அறைச் சாவி ஒன்றுதான். அது அவர் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. இன்ஜினியர் பெண் மீதான புகாரில் கையெழுத்துப் போட வரவழைக்கப்பட்ட தச்சரின் மனைவி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

சோடாபுட்டி பதிவை இரண்டு முறை படித்தார்.

"பத்து இருபதுக்கே லைன் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணோட கட்டளை எந்த வழியா இங்க வரும்? ரூட்டர் முன்னாடி நின்னு, ஒயரைச் சொருகித்தான் அழிச்சிருக்கணும்."

"ஆனா பேரு அவளோடது சார்," என்றார் அவசரக்குடுக்கை.

அவள் அண்ணன் சொன்னதை வைத்து, தனிப் பாஸ்வேர்டு கேட்டு இந்தக் கிளை தலைமை அலுவலகத்துக்கு இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறது, அதுவரை எல்லாரும் புழங்குவது அவளுடையதைத்தான் என்று சோடாபுட்டி விளக்கினார். பிறகு மேற்பார்வையாளரின் இடுப்புச் சாவியைப் பார்த்தார்.

அந்த மனிதர் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்து ஒப்புக்கொண்டார். புதியதை மறுபடி ஏற்றிப் பார்க்க நினைத்தாராம். ரூட்டரில் இடம் போதவில்லை, பதற்றத்தில் பழையதை அழித்துவிட்டாராம். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவசரக்குடுக்கைக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது.

மூலையிலிருந்தவள் எழுந்து வந்தாள்.

"அழிக்காம இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல போன் வந்திருக்குமா?"

மேற்பார்வையாளர் ஆமாமென்று தலையை ஆட்டினார்.

"பதினோரு மணி வரைக்கும் எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட பேசிக்கிட்டுதான் இருந்தாரு," என்றாள் அவள்.