பண்ணை வீட்டுக் கதவை எடுத்தது யார்?

காலையில் வந்து பார்த்தால் கதவைக் காணோம்.

கதவு என்றதும் ஆள் உயரக் கதவை நினைத்துக்கொள்ளாதீர்கள். சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். ஐஸ் குச்சிகளைச் சீவி, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, குறுக்கே இரண்டு சட்டம் வைத்து, கீலுக்காகக் குண்டூசியால் துளை போட்டு, பழுப்புச் சாயம் பூசிய கதவு. அதைச் செய்து முடிப்பதற்குள் நூலுக்கு முதுகே ஒடிந்துவிட்டது.

நூல் என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். கோடு போட்டாலும் சரி, செருப்பை வரிசையாக வைத்தாலும் சரி, எல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும் அவளுக்கு. அதனால்தான் பள்ளிக் கண்காட்சிக்கு 'போர்க்காலத்தில் ஒரு பண்ணை வீடு' செய்யலாம் என்று வரலாறு மிஸ் சொன்னதும், வீடு கட்டும் வேலை அவளுக்கு வந்தது.

ஓவிய அறை மேசையில் ஒரு பெரிய பலகை. அதன் மேல்தான் எல்லாம். நிஜத்தில் முப்பத்தைந்து அடி நீளம் என்றால் பலகையில் ஒரே ஓர் அடி. வீடு, மரம், மனிதர் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. வீடு நூலுடையது. மரங்கள் அவளுடைய உயிர்த்தோழி பஞ்சுவுடையவை. பழைய பஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கி அவள் மரம் செய்தால் இலை அசைவது போலவே இருக்கும். வீட்டுக்கு முன்னால் இருக்கும் பதுங்குகுழியும் அதற்குள் நிற்கும் களிமண் சிப்பாய்களும் பீரங்கியின் பொறுப்பு. பீரங்கி என்பது ஒரு பையன். அவன் தும்மினால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும். அதனால் அந்தப் பெயர்.

"என் கதவு எங்கே?" என்று கேட்டாள் நூல்.

"காத்துல பறந்திருக்கும்" என்றான் பீரங்கி, களிமண்ணைப் பிசைந்தபடியே.

"ஜன்னலே சாத்தியிருக்கு. காத்து எங்கேருந்து வரும்?"

"அப்போ எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

நூல் மேசைக்கடியில் தவழ்ந்து தேடினாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். பென்சில் சீவல் கிடைத்தது, பாதி தின்ற பிஸ்கட் கிடைத்தது, கதவு கிடைக்கவில்லை. போகட்டும் என்று வீட்டில் உட்கார்ந்து இன்னொரு கதவு செய்து கொண்டுவந்து ஒட்டினாள்.

மறுநாள் அந்தக் கதவையும் காணோம். கூடவே இரண்டு ஜன்னல் கதவுகளும் போயிருந்தன. மாட்டுத் தொழுவத்தின் படலைக்கூட விட்டு வைக்கவில்லை.

இப்போது நூலுக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. சந்தேகம் முளைத்தால் சும்மா இருக்குமா? பார்க்கிறவர்கள் எல்லாரும் திருடராகத் தெரிந்தார்கள். ஓவிய அறையைப் பெருக்கும் அக்கா துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தபோது, 'இந்த அக்கா எதுக்கு இன்னிக்கு இவ்வளவு சிரிக்குது?' என்று தோன்றியது. பக்கத்து வகுப்பு கப்பல் செய்துகொண்டிருந்தது. கப்பலின் மேல்தளம் பலகை பலகையாக அழகாக இருந்தது. 'அந்தப் பலகையெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?'

வீட்டில் தம்பியையும் விடவில்லை.

"நீ என் ஸ்கூல் பக்கம் வந்தியா?"

"நானும் அதே ஸ்கூல்லதானே படிக்கிறேன்?" என்றான் தம்பி.

"பேச்சை மாத்தாதே!"

"அம்மா, அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவன் எடுத்திருந்தா இந்நேரம் அதை உடைச்சு உன்கிட்டயே காட்டியிருப்பான். வேற யாரையாவது பிடி, போ."

அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் மாலை பள்ளி விட்டதும் நூல் ஒரு பொறி வைத்தாள். சாக்பீஸைப் பொடி செய்து மேசையைச் சுற்றித் தூவினாள். திருடன் வந்தால் கால் தடம் பதியும் அல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் மறுநாள் முதல் பாடவேளையில் கீழ் வகுப்புக்கு ஓவியப் பாடம் இருந்ததை அவள் மறந்துவிட்டாள். அவள் வந்து பார்த்தபோது ஒரு வகுப்பே நடந்துபோன தடம் இருந்தது. பெருக்கும் அக்கா, "எந்த மகராசி இந்த வேலை பண்ணினது?" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நூல் ஓசைப்படாமல் நழுவினாள்.

இந்த முறை வேலியில் பாதியைக் காணவில்லை.

கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. மிஸ் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குண்டு விழுந்து ஒரு பக்கம் கூரை இடிந்த வீடு அது. ஓடுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, முழுக் கூரையும் போட்டுவிட்டு, அப்புறம்தான் நூல் அதை இடித்திருந்தாள். முழுசாகக் கட்டாத வீட்டை இடித்தால் இடிந்தது போல் இருக்காது, அரைகுறையாகக் கட்டியது போல்தான் இருக்கும் என்பது அவள் கட்சி.

"கூரை பிரமாதம்" என்றார் மிஸ். "ஆனா கதவு, ஜன்னல் எதுவும் காணோமே? இன்னும் முடியலையா?"

"முடிச்சிட்டேன் மிஸ். யாரோ எடுத்துட்டுப் போறாங்க."

"யாரோன்னா?"

பெயர் தெரிந்தால்தானே சொல்ல!

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் அந்தப் பெயர் கிடைத்தது என்று அவள் நினைத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுக்க ஓவிய அறைக்கு வந்தபோது, உள்ளே பஞ்சு தனியாக நின்றுகொண்டிருந்தாள். பண்ணை வீட்டின் மேல் குனிந்திருந்தாள். நூலைக் கண்டதும் சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

பஞ்சு இருக்கும் இடத்தில்தான் நூலும் இருக்கும் என்று வகுப்பில் கேலி செய்வார்கள். இவ்வளவு நாள் கூடவே இருந்தவளா? நூலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீதானா?"

"என்னது நானா?"

"நடிக்காதே. கையில என்ன? என் ஜன்னல் கதவுதானே? கூடவே இருந்து குழி பறிக்கிறியா?"

பஞ்சுவின் முகம் சிவந்தது. அவள் கையை முன்னால் நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் இரண்டு பூந்தொட்டிகள் இருந்தன. மருந்து பாட்டிலின் மூடியைவிடச் சிறியவை. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் முடிச்சால் செய்த பூ.

"உன் ஜன்னல்ல வைக்கலாம்னு செஞ்சேன்" என்றாள் பஞ்சு. "காணாம போனதுக்கு நீ ரொம்ப வருத்தப்படுறியேன்னு... நீ வர்றதுக்குள்ள வெச்சிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்."

"பஞ்சு, நான்..."

"இனிமே உன் மரத்தை நீயே நட்டுக்கோ."

தொட்டிகளை மேசை மேல் வைத்துவிட்டுப் பஞ்சு போய்விட்டாள். சாயந்திரம் பேருந்திலும் வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

நூலுக்கு அழுகை அழுகையாக வந்தது. கதவு போனால் இன்னொரு கதவு செய்யலாம். வீடே போனாலும் இன்னொரு வீடு கட்டலாம். பஞ்சு போனால்? பஞ்சுவை எந்தக் குச்சியைச் சீவிச் செய்வது?

மறுநாள் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே பள்ளிக்கு வந்துவிட்டாள். ஓவிய அறையில் யாருமில்லை. பூந்தொட்டிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவற்றை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேசைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மாதிரி வீடு செய்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். மேலிருந்து பார்த்தால் பொம்மை. கண்ணைப் பலகைக்கு நேராக வைத்துப் பார்த்தால் அது ஊர்.

அப்படிப் பார்த்தபோது கண்ணுக்கு நேரே முதலில் வந்தது பீரங்கியின் பதுங்குகுழி. குழியின் ஒரு மூலையில் சிப்பாய்கள் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை இருந்தது. மேலே சேறு அப்பியிருந்ததால் இதுவரை அது வெறும் மண்மேடாகத்தான் தெரிந்தது. கீழிருந்து பார்க்கையில் பலகைகள் தெரிந்தன. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய பலகைகள். குறுக்கே இரண்டு சட்டம். ஓரத்தில் குண்டூசித் துளைகள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்! குப்பைக் கூடை வரை தேடிய கதவு, அவள் வீட்டு வாசலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சரியாகப் பார்த்தால் எல்லாமே அங்கேதான் இருந்தன. இரண்டாவது கதவும் ஜன்னல் கதவுகளும் குழியின் சுவரில். தொழுவத்துப் படல் சிப்பாய்களின் காலடியில். வேலிக் கட்டைகள் ஏணியாகியிருந்தன.

நூல் எழுந்தாள். நேராக மிஸ்ஸிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று வாசல் வரை போனாள். அங்கே கால் நின்றது. நேற்றும் இதே போல்தான் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

அந்த நேரம் பார்த்துப் பீரங்கி உள்ளே வந்தான். அவனுடைய அப்பா வேலைக்குப் போகும் வழியில் தினமும் அவனைச் சீக்கிரமே இறக்கிவிட்டுப் போவார். நூல் நிற்பதைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ளே வா. ஒண்ணு கேக்கணும்" என்றாள் நூல். "உன் குழிக்குக் கூரை எங்கேருந்து கிடைச்சது?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது வந்து... சும்மா கிடந்தது..."

"என் வீட்டு வாசல்ல ஒட்டிக்கிட்டு சும்மா கிடந்ததா?"

பீரங்கியிடமிருந்து சத்தமே வரவில்லை. அவனைப் பொறுத்தவரை அது பெரிய அதிசயம்.

"ஏன் எடுத்தே? என் வீடு பிடிக்கலையா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல!" என்று பதறினான். "மண்ணு சரியுது நூல். எத்தனை தடவை கட்டினாலும் சரியுது. சாயந்திரம் நல்லா இருக்கும், காலைல வந்து பாத்தா சிப்பாய்ங்க கழுத்து வரைக்கும் மண்ணுல நிக்கிறாங்க. பலகை வெச்சாத்தான் நிக்கும். மிஸ் கொடுத்த குச்சியெல்லாம் முதல் தடவையே வீணாப் போச்சு."

"அதுக்கு என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. 'அளவு தெரியாம வீணடிச்சவனுக்கு ஒரு குச்சிகூடக் கிடையாது'ன்னு சொன்னே. எல்லார் முன்னாடியும்."

சொன்னாள்தான். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்போது அவளுடைய பெட்டியில் கட்டுக் கட்டாகக் குச்சி இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நூல் மறுபடியும் முட்டி போட்டாள். களிமண் சிப்பாய்களை உற்றுப் பார்த்தாள். ஒருவனுக்கு மூக்கு கோணல், ஒருவனுக்கு ஒரு காது பெரிசு. மழையில் நனையாமல் அவள் செய்த கதவுக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நிஜப் போரில் மண் சரிந்தால் சிப்பாய்கள் பலகைக்கு எங்கே போயிருப்பார்கள்? கடைக்கா போக முடியும்? பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான்.

"பீரங்கி, கதவு அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

"என்னது?"

"அங்கேயே இருக்கட்டும்ங்கிறேன். மிச்சத்துக்கு என் பெட்டியிலேருந்து குச்சி எடுத்துக்கோ. ஆனா முதல்ல நீ என்கூட வரணும்."

"மிஸ்கிட்டயா?" அவன் முகம் வெளுத்தது.

"மிஸ்கிட்ட இல்ல. பஞ்சுகிட்ட."

பஞ்சு வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருவரும் எதிரே போய் நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கதவை எடுத்தது நான்தான்" என்றான் பீரங்கி. "உன்னைப் போய் சந்தேகப்பட்டது நான்" என்றாள் நூல். "தப்புதான் பஞ்சு. கேட்டிருக்கணும். கேக்காம கத்திட்டேன். மன்னிச்சிடு."

பஞ்சு கொஞ்ச நேரம் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள்.

"இப்போ அந்த வீட்டுக்குக் கதவே கிடையாதா?" என்று கேட்டாள்.

"கிடையாது. சாக்குத் துணியைத் தொங்கவிடப் போறேன்."

"ஜன்னல் கதவும் கிடையாது. ஆனா பூந்தொட்டி மட்டும் இருக்கும்?"

"ஆமா. நீ செஞ்சதாச்சே."

பஞ்சு யோசித்தாள். "சிப்பாய்ங்க கதவையே விட்டு வைக்கலைன்னா மரத்தை மட்டும் விடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு ஓவிய அறைக்கு நடந்தாள். அவள் செய்ததிலேயே பெரிய மரத்தைக் கத்தரியால் அடியோடு வெட்டி, வெறும் கட்டையாக நிறுத்திவைத்தாள். பீரங்கிக்கே ஐயோ என்று இருந்தது.

கண்காட்சி அன்று கப்பலைப் பார்க்கத்தான் முதலில் கூட்டம். பண்ணை வீட்டுப் பக்கம் வந்தவர்கள், "கதவு வைக்க மறந்துட்டியாம்மா?" என்று கேட்டார்கள்.

"மறக்கலை. கதவு இந்தப் பலகையிலதான் எங்கேயோ இருக்கு. கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றாள் நூல்.

அவ்வளவுதான். பிள்ளைகள் எல்லாரும் மேசையைச் சுற்றி முட்டி போட்டார்கள். அப்புறம் அவர்களுடைய அம்மாக்கள், அப்புறம் கப்பல் செய்த பையன்கள். வாசலில் கீல் இருந்த துளையைப் பார்த்தார்கள், தொங்கும் சாக்கைப் பார்த்தார்கள், வெட்டிய மரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் குழிக்குள் பார்த்தார்கள். கண்டுபிடித்தவர்கள் யாரும் கத்தவில்லை. "அட, பாவமே" என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்காரர்களைச் சொன்னார்களா, சிப்பாய்களைச் சொன்னார்களா என்று நூலுக்குத் தெரியவில்லை.

வரலாறு மிஸ்ஸும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நிஜத்திலயும் இப்படித்தான் செஞ்சாங்க. கதவு, ஜன்னல், கட்டில்கூட எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றார் நிமிர்ந்தபடி. "நான் இதைப் பாடத்துல சொல்லவே இல்லையே. யாரோட யோசனை இது?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சும்மா இருந்துவிட்டாலே போதும், பாராட்டு மூன்று பேருக்கும் கிடைத்துவிடும். பீரங்கி தொண்டையைச் செருமினான்.

"யோசனை நூலோடது மிஸ்" என்றான். "திருட்டு என்னோடது."

சுற்றி நின்றவர்கள் அவன் சிப்பாய் போல நடிப்பதாக நினைத்துச் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், பஞ்சுவைப் பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"அப்போ சண்டை முடிஞ்சதும் எடுத்ததை எடுத்த இடத்துல வெச்சிடணும்" என்றார்.

"சரிங்க மிஸ்."

திங்கட்கிழமை காலையில் நூலும் பஞ்சுவும் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பீரங்கி ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு மூலையில் உட்கார்ந்து ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு களிமண் சிப்பாயைக் கையில் பிடித்து, பலகையில் டக் டக்கென்று நடத்திக்கொண்டு வந்து, பண்ணை வீட்டு வாசலில் நிறுத்தினான்.

"வீட்டுல யாராவது இருக்கீங்களா?"

"யாரது?" என்றாள் நூல், வீட்டுக்காரி குரலில்.

"சிப்பாய். சண்டை முடிஞ்சிடுச்சு. கதவைக் கொடுத்துட்டுப் போக வந்தேன்."

"ஜன்னல்?"

"அதுவும் இருக்கு. கழுவிட்டேன். படலும் இருக்கு, வேலியும் இருக்கு."

"எல்லாம் சரி. என் மரம்?" என்று கேட்டாள் பஞ்சு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

சிப்பாய் திருதிருவென்று விழித்தான். வெட்டிய கட்டையைப் பார்த்தான். பஞ்சுவைப் பார்த்தான்.

"மரம்..." என்று இழுத்தான். "மரம் வளந்திடும்மா."

பஞ்சு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது. நூல் கதவைக் கையில் வாங்கிக்கொண்டு பசை டப்பாவைத் திறந்தாள்.