காணவில்லை பிரிவில் ஒரு மஞ்சள் கவுன்

காலியாக இருக்க வேண்டிய கட்டம் நிரம்பியிருந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு திரையை மறுபடியும் பார்த்தாள். ‘கடைசியாக அணிந்திருந்த உடை’ என்ற வரிக்கு எதிரே, அவள் எதுவுமே நிரப்பாத வெள்ளைக் கட்டத்துக்குள் யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள். மஞ்சள் கவுன், இடது தோளில் பட்டன் இல்லை, ஊக்கு குத்தியிருக்கிறது.

வெளியே மழை பிடித்துக்கொண்டு நேரம் ஆகியிருந்தது. சாயங்காலம்தான், ஆனால் மேகம் கவிந்து ஜன்னலெல்லாம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. மழைக்குப் பயந்து எல்லாரும் முன்னாடியே கிளம்பிப் போனதில், அந்த நீளமான அலுவலகத்தில் குளிர்சாதனத்தின் முனகலும், ஈரக் குடைகள் வடிந்து ஊறிய தரைவிரிப்பின் பூஞ்சை நாற்றமும், யாரோ பாதி குடித்து வைத்துவிட்டுப் போன காபியின் புளித்த வாடையும், இவளும் மட்டும்தான் மிச்சம். இன்னும் கொஞ்சம் வேலை முடித்துவிட்டால் இரண்டு நாள் விடுமுறையை நிம்மதியாகக் கழிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தாள். நிம்மதிக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை அல்ல. ஒரு வாரப் பத்திரிகையின் இணையதளத்துக்குச் சின்னதாக ஒரு பிளக்இன், தளத்தோடு ஒட்டவைக்கிற ஒரு குட்டி மென்பொருள். பத்திரிகைக்காரர்கள் ஒரு விளம்பரத்தை ஏற்றும்போது எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அதற்கு வேண்டிய கட்டங்கள் மட்டும் திரையில் வர வேண்டும். வீடு வாடகைக்கு என்றால் எத்தனை அறை, எந்த மாடி. பிறந்தநாள் வாழ்த்து என்றால் குழந்தையின் பெயர், செல்லப்பெயர், வயது, பெற்றோர், படம். காணவில்லை என்றால் உடை, உயரம், கடைசியாகப் பார்த்த இடம். அவ்வளவுதான்.

எழுதியதைச் சோதித்துப் பார்க்க மாதிரி விவரம் எதையாவது போட வேண்டும். மற்றவர்கள் ‘அஅஅ’ என்றோ ‘சோதனை’ என்றோ கை போன போக்கில் தட்டி வைப்பார்கள். இவளுக்கு அந்த அரைகுறை வேலை ஆகாது. பிறந்தநாள் வாழ்த்துக்குத் தன் மகளையே போட்டாள். மகளுடைய பெயர், செல்லப்பெயர், வயது, பல் விழுந்த சிரிப்போடு ஒரு படம். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மூன்று முறை திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டாள்.

இன்னொன்றும் செய்திருந்தாள். ஒரு விளம்பரத்தைப் பிரிவு மாற்றினால் பழைய பிரிவின் விவரங்களை மறைத்து மட்டும் வைக்கும்படி டீம் லீடர் சொல்லியிருந்தார். “அழிச்சிடாதம்மா. தெரியாம மாத்திட்டாங்கன்னா திரும்ப வேணும்ல?” என்றார். இவள் கேட்கவில்லை. மறைத்து வைப்பதற்குக் கூடுதலாக நாலு வரி எழுத வேண்டும். “குப்பைய எதுக்கு சார் சேர்த்து வைக்கணும்?” என்று சிரித்துவிட்டு, அடியோடு அழிக்கிற மாதிரியே எழுதினாள். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது அந்த மகளின் பக்கம் ‘காணவில்லை’ பிரிவில் இருந்தது.

பூதக்கண்ணாடியின் வேலையாக இருக்கும் என்று நினைத்தாள். மென்பொருள் எழுதுகிறவர்களின் தப்பைத் தோண்டி எடுப்பதே அவன் உத்தியோகம் என்பதால் அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர் அது. போன் போட்டாள். பின்னால் பேருந்து இரைச்சல் கேட்டது.

“நான் பிரிவ மட்டும்தான்கா மாத்தினேன். பிறந்தநாள்லேருந்து காணவில்லைக்கு. பழசெல்லாம் அழியுதான்னு பாக்கணும்ல? சுத்தமா அழியுது, சூப்பர்!”

“கவுன் பத்தி எழுதினது?”

“என்ன கவுன்? நான் ஒண்ணுமே எழுதலையே. எல்லாம் காலியாத்தான் விட்டேன்.”

அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதைவிட, அந்த ஊக்கு விஷயம் அவனுக்குத் தெரிய வழியே இல்லை. காலையில் அவசரத்தில் பட்டன் தைக்க நேரமில்லாமல் இவள்தான் குத்திவிட்டாள், “குத்துதும்மா” என்று மகள் சிணுங்கச் சிணுங்க. வீட்டிலிருந்த அவள் கணவன்கூட அதைக் கவனித்திருக்க மாட்டான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

‘உயரம்’ நிரம்பியிருந்தது. அம்மாவின் இடுப்பளவு.

எந்த அம்மா என்று கேட்கத் தோன்றியது. விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், தன் கைதான் தனக்குத் தெரியாமல் தட்டுகிறதோ என்ற சந்தேகத்தில். கை மடியில் இருக்கும்போதே, ‘கடைசியாகப் பார்த்த இடம்’ என்ற கட்டத்துக்குள் எழுத்து எழுத்தாக ஊர்ந்து வந்தது. பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவர்களின் நிதானம் அதற்கு. மாடிப்படி. இரண்டாவது திருப்பம்.

கணவனைக் கூப்பிட்டாள்.

“என்ன, வண்டிய நிறுத்தியாச்சா?” என்றான் அவன், அடுப்படிச் சத்தத்துக்கு நடுவே. “சீக்கிரம் மேல வாங்க ரெண்டு பேரும்.”

“யாரு ரெண்டு பேரு? நான் ஆபீஸ்லதான் இருக்கேன்.”

“விளையாடாத. இப்பதானே கீழேருந்து கூப்பிட்ட? ‘அம்மா வந்தாச்சு’ன்னு அவ இறங்கி ஓடினா. உன் குரல எனக்குத் தெரியாதா?”

“என்னங்க. நான் கூப்பிடல. போய்ப் பாருங்க. படியில போய்ப் பாருங்க!”

அவன் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்குவது போனில் கேட்டது. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், ஒரு முறை, இரண்டு முறை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். கீழே மழைக்குள் போய்க் கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் அவன் குரல் மெலிந்துகொண்டே வந்தது.

“இல்லடி,” என்றான். “எங்கயுமே இல்ல.”

போலீசுக்குப் போன் பண்ணச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? இவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பிரிவு மாறியதால் போனவள், மறுபடியும் மாற்றினால் வருவாள். பைத்தியக்கார யோசனை. ஆனால் பெற்றவளுக்கு அந்த நேரத்தில் வேறு யோசனை இல்லை. பிரிவை மறுபடியும் ‘பிறந்தநாள் வாழ்த்து’ என்று மாற்றினாள். பழைய கட்டங்கள் வந்து நின்றன. பெயர், செல்லப்பெயர், வயது, பெற்றோர், படம். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி காலி. படத்துக்கான இடத்தில், படம் இல்லாதவர்களுக்கு மென்பொருள் தானாக வைக்கும் சாம்பல் நிற உருவம். தலையும் தோளும் மட்டும்.

நிரப்பிவிட்டுச் சேமித்திருக்கலாம். நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி ஒரு தடை வைத்திருந்தாலாவது அது நிறுத்தியிருக்கும். அதை அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அவசரம். ‘சேமி’யை அழுத்தினாள்.

“ஏய்! இருக்கா!” கணவன் கத்தினான். “படியிலதான் நிக்கிறா! நான் இப்பதானே இங்க பாத்தேன்...”

போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடவுளே, கடவுளே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“சுவத்தப் பாத்து நிக்கிறா,” என்றான் அவன். “திரும்ப மாட்டேங்கிறா.”

“பயந்திருப்பா. பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

படிக்கட்டில் மழைத் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

“கூப்பிடுங்களேன்!”

“பேர்...” என்றான். “அவ பேர் என்ன?”

கோபமாகச் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு மேலே எழும்பி நின்றது. அங்கே ஒன்றுமில்லை. செல்லப்பெயரைத் தேடினாள். அதுவும் இல்லை. எத்தனை வயது? பல் விழுந்த வயது. எத்தனை? கைப்பேசியில் இருந்த படங்களைத் திறந்தாள். கடற்கரையில் மஞ்சள் கவுன். கட்டிலில் மஞ்சள் கவுன். பள்ளி வாசலில் பை மாட்டிய ஒரு சின்ன உடம்பு. கழுத்துக்கு மேலே எல்லாவற்றிலும் சாம்பல்.

அழிந்ததை மீட்கக் காப்பு நகல்? சோதனைக் கணினிக்கு யாரும் காப்பு எடுப்பதில்லை.

“திரும்புறா,” என்றான் கணவன். பிறகு அவனிடமிருந்து வந்தது பேச்சே அல்ல. அடிபட்ட மிருகம் போடுகிற சத்தம்.

எதையாவது நிரப்ப வேண்டும். எது தெரியும்? பெற்றோர். அது தெரியும். அது ஒன்றுதான் தெரியும். தன் பெயரைத் தட்டினாள். அவன் பெயரையும் தட்ட வேண்டும். அவன் அலறிக்கொண்டிருந்தான். தாங்க முடியவில்லை. சேமித்தாள்.

அலறல் நின்றது.

“ஹலோ?” என்றான் அவன், மூச்சு வாங்க. “நான் எதுக்கு இங்க படியில நிக்கிறேன்? நீ இன்னும் கிளம்பலையா?”

“குழந்தை... குழந்தை எங்க?”

“எந்தக் குழந்தை? நமக்கு ஏதுடி குழந்தை?”

அலுவலகத்தின் கடைக்கோடியில், யாராவது நடந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்று எரிந்தது. பிறகு அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஈரப் பாதம் தரைவிரிப்பில் பதிகிற சத்தம். அவசரமில்லாத, சின்னப் பாதம்.

தடுப்பின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது.

அம்மாவின் இடுப்பளவு. மழையில் நனைந்த முடி. அதற்குக் கீழே, நெற்றியிலிருந்து மோவாய் வரை, மேடு பள்ளம் எதுவுமில்லாத சாம்பல். அழுகிற குழந்தையின் நெஞ்சு போல அதன் நெஞ்சு விம்மி விம்மி அடங்கியது. சத்தம் வர வழியில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கியது. தூக்கிக்கொள் என்று.

ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கை தூக்கலை அவளுக்குத் தெரியும். உடம்பு குனிந்தது. தூக்கினாள். அதே கனம். இடுப்பில் கால் போட்டு உட்காருகிற அதே அழுத்தம். அதே ஷாம்பு வாசனை. பயத்தையும் மீறி அவளுக்குப் பாசம் பொங்கியது. “அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்,” என்றாள்.

கைகள் அவள் கழுத்தைக் கட்டின. பிறகு மெல்ல மேலே வந்தன. குளிர்ந்த விரல்கள். அவள் இமையைத் தடவின. மூக்கைத் தடவின. உதட்டைப் பிடித்துப் பார்த்தன. அளவெடுப்பதுபோல.

திரையில், ‘படம்’ என்ற கட்டத்துக்குக் கீழே, ஏற்றம் தொடங்கிவிட்டதைக் காட்டும் நீலக் கோடு நகர்ந்தது.

“வேணாம்டா கண்ணு,” என்றாள்.

இறக்கிவிடப் பார்த்தாள். கால்கள் இறுகின. விரல்கள் மோவாய்க்கு அடியில் ஒரு விளிம்பைத் தேடின. அங்கே விளிம்பு இருக்கக் கூடாது. இருந்தது. நகம் உள்ளே இறங்கியது. வலித்தது. கத்தினாள். பாதிக் கத்தலில் வாய் இல்லை.

கருத்த ஜன்னல் கண்ணாடியில், மஞ்சள் கவுன் போட்ட ஒன்று அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. அதன் சாம்பலுக்குள் முதலில் ஒரு கண் திறந்தது. அவளுடைய கண். அது கண்ணாடியில் தன்னைப் பார்த்தது. பிறகு, அவளுடைய வாயால், சிரித்தது.