பதினைந்து பேர் தள்ளிய டிப்பர்

கனகவல்லி கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் ஒரு காக்கிச் சட்டை இருந்தது. கைகள் இரண்டும் கிழிந்து, ரத்தம் காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது. குரோம்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"உட்காரும்மா" என்றார் ஞானஜோதி.

இருபத்தாறு ஆண்டுகள் மோட்டார் வாகன ஆய்வாளராக லாரிகளின் பிரேக்கைச் சோதித்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது விபத்து வழக்குகளில் வக்கீல்கள் அவரைத் தேடி வருகிறார்கள். அவருக்கு வழக்கமாக ஆட்டோ ஓட்டும் யேசுதாசன், பேப்பரில் கொலைச் செய்தி ஒரு வரி விடாமல் படிக்கும் ஐம்பது வயதுக்காரர். கேஸ் என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மாடியேறி வந்துவிடுவார். இப்போதும் கதவோரம் நின்றிருந்தார்.

"என் வூட்டுக்காரரு தட்சிணாமூர்த்தி டிப்பர் ஓட்றாரு மேடம். முடிச்சூர் ரோட்டாண்ட சிவகுமார் சாரோட மணல் யார்டு. முந்தாநாள் காலைல சரிவுல வண்டிய நிறுத்திட்டு டீ குடிக்கப் போனாரு. வண்டி தானா உருண்டு போய், கீழ கொழாயில மூஞ்சி கழுவிக்கினு இருந்த சூப்பர்வைசர் அசரியாவைச் சுவத்தோட வெச்சு நசுக்கிடுச்சு. சத்தம் கேட்டு ஓடியாந்த இவர ஜனம் புடிச்சிக்கிச்சு. ரெண்டு கையையும் ஒடைச்சிட்டாங்க. இப்ப ஆஸ்பத்திரில போலீஸ் காவல்ல கீறாரு."

"ஹேண்ட் பிரேக் போட்டாராமா?"

"போட்டாராம். பிரேக் காத்து மீட்டர்ல எட்டு, ஃபுல்லா காட்டுச்சாம். கதவப் பூட்டி சாவிய எடுத்துக்கினுதான் போனாராம். பொய் சொல்ற ஆளு இல்ல மேடம்."

அவள் அழவில்லை. சட்டையை மடித்து மறுபடி பைக்குள் வைத்தாள்.

காவல் நிலைய வளாகத்தில் அந்த டிப்பர் வேப்பமரத்தடியில் நின்றது. முன் பம்பரில் இன்னும் கறை இருந்தது. இன்ஸ்பெக்டர் தேவதர்ஷினி கோப்பைப் புரட்டினார்.

"டிரைவர் சொன்னது பாதி உண்மைதான் மேடம். ஹேண்ட் பிரேக் லீவர் போட்ட நிலையிலதான் இருந்துச்சு, கியர் நியூட்ரல்ல. ஆனா நாங்க போய்ப் பார்த்தப்போ காத்து ஜீரோ. யார்டு மெக்கானிக் ஆஸ்டின் எழுதியே கொடுத்திருக்காரு. லீக் ஆகி காத்து முழுக்க இறங்கினதால பிரேக் விட்டுப்போச்சுன்னு. லீக்கைப் பார்க்காம, சக்கரத்துக்குக் கட்டையும் வைக்காம போனது டிரைவர் தப்பு."

"வண்டி இங்க எப்படி வந்துச்சு?"

"ஆஸ்டின்தான் லீக்கைச் சரி பண்ணி ஓட்டிட்டு வந்து விட்டாரு."

ஞானஜோதி தலையசைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டார்ச்சுடன் பின்சக்கரங்களுக்கு நடுவே குனிந்தார். ஐந்து நிமிடம் கழித்து எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

யேசுதாசன் அதற்குள் யார்டு வரைக்கும் போய் வந்திருந்தார். ஒரு லோடுமேனின் போனிலிருந்து வீடியோ ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

பார்ப்பதற்குக் கொடுமையாக இருந்தது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவே அசரியாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பதினைந்து பேர் "ஏலேலோ" போட்டு வண்டியை ஓரடி பின்னால் தள்ளினார்கள். உடல் வழுக்கி விழுந்தது. அப்போது டீக்கடைப் பக்கமிருந்து தட்சிணாமூர்த்தி ஓடி வருகிறான். "பிரேக் போடாம போயிட்டான்டா" என்று ஒரு குரல். கிரீஸ் படிந்த நீலச் சட்டைக்காரன் ஒருவன் வீல் ஸ்பானரை ஓங்கி அவன் தோளில் இறக்குகிறான். பிறகு கூட்டம் மூடிக்கொள்கிறது. எலும்பு முறியும் சத்தம்கூடக் கேட்டது. கேபின் கண்ணாடியைக் கல்லால் உடைத்தது அதற்கும் பிறகுதான்.

"அசரியா சாதாரண ஆளில்ல மேடம்" என்றார் யேசுதாசன். "கைல எப்பவும் ஹோஸ் பைப்பாம். மூணு மாசத்துக்கு முன்னாடி லாசரஸ்னு ஒரு லோடுமேன ஜாக்கி லீவரால மண்டைல போட்டுட்டான். வண்டிலேர்ந்து வுயுந்துட்டான்னு ஓனர் கதைய மூடிட்டாரு. எனக்கு ஓனர் மேலதான் டவுட்டு. அசரியா வாயத் தொறந்தா இவரும் மாட்டுவாரு. அவர்கிட்ட இன்னொரு சாவி கீது. கேபினத் தொறந்து ஹேண்ட் பிரேக்க எறக்கிட்டு, வண்டி மோதினதும் திருப்பிப் போட்டுட்டாரு."

"திருப்பிப் போட்டிருந்தா அந்தப் பதினஞ்சு பேரால வண்டியை அசைச்சிருக்க முடியாது யேசுதாசன்" என்றார் ஞானஜோதி. "நாளைக்குப் பத்து மணிக்கு ஓனரும் மெக்கானிக்கும் ஸ்டேஷனுக்கு வரணும்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் சிவகுமார் வெள்ளைச் சட்டையில் வந்து எரிச்சலுடன் நின்றார். ஆஸ்டின் நீலச் சட்டையிலேயே வந்தான். முப்பத்தைந்து வயது, மெலிந்த, அமைதியான ஆள்.

ஞானஜோதி காற்று டாங்கின் அடியிலிருந்த வால்வைத் திறந்துவிட்டார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. முள் இறங்கி ஜீரோவில் நின்றது.

"இப்ப அன்னைக்கு மாதிரியே காத்து இல்ல. லீவர் போட்டிருக்கு, கியர் நியூட்ரல். தள்ளுங்க."

பதினைந்து காவலர்கள் தோள் கொடுத்தார்கள். சமதளம்தான், காலி வண்டிதான். டிப்பர் ஓர் அங்குலம் நகரவில்லை. ஒருவருக்குப் பூட்ஸ் வழுக்கிற்று.

"காத்து போனா பிரேக் விட்டுடும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க" என்றார் ஞானஜோதி. "இந்த வண்டில அது தலைகீழ். பின்சக்கரத்துக்குப் பக்கத்துல டப்பா மாதிரி ரெண்டு பூஸ்டர் இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு பெரிய ஸ்பிரிங். சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துறது அந்த ஸ்பிரிங்தான். காத்தோட வேலை ஸ்பிரிங்கை அமுக்கி வெச்சு சக்கரத்தை விடுறது. காத்து முழுக்க லீக் ஆச்சுன்னா வண்டி ஓடாது, பூட்டிக்கும்."

தேவதர்ஷினி மெதுவாகக் கேட்டார்: "அப்போ அன்னைக்கு மட்டும் எப்படி நகர்ந்துச்சு?"

"ஸ்பிரிங்கை யாரோ கட்டிப் போட்டிருந்தாங்க. நடுரோட்டுல காத்தில்லாம நின்ன வண்டியை இழுக்கணும்னா, பூஸ்டருக்குப் பின்னால இருக்கற போல்ட்டை ஸ்பானரால திருகுவாங்க. ஸ்பிரிங் சுருங்கி அப்படியே நின்னுடும். அப்புறம் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. நேத்து அந்த ரெண்டு போல்ட்டையும் பார்த்தேன். சுத்தி எல்லாம் ஒரு விரக்கடை சேறு. போல்ட் தலை மட்டும் பளபளன்னு, புது ஸ்பானர் தடத்தோட இருக்கு."

யேசுதாசன் நிமிர்ந்தார். "பூட்டின வண்டி. உள்ள போகவே தேவையில்ல."

"தேவையில்ல. சக்கரத்துக்கு ஒரு கட்டை வெச்சுட்டு அடியில படுத்து ரெண்டு போல்ட்டையும் திருகினா போதும். டாங்க் வால்வையும் திறந்துவிட்டா, அப்புறம் லீக்னு சொல்லிக்கலாம். அசரியா குழாயடிக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து கட்டையைத் தட்டிவிட்டாங்க. பட்டப்பகல்ல பத்து நிமிஷம் லாரிக்கடியில படுத்திருந்தா யாரும் ஏன்னு கேட்காத ஆள் யார்டுல ஒருத்தர்தான். போல்ட்டைப் பழையபடி விட சந்தர்ப்பம் கிடைச்சதும் அதே ஆளுக்குத்தான். லீக் சரி பண்றேன்னு மறுபடி அடியில போனாரு."

எல்லாருடைய கண்ணும் ஆஸ்டின் பக்கம் திரும்பியது.

"இன்னொண்ணு ஆஸ்டின். கேபின் பூட்டியிருக்கும்போதே 'பிரேக் போடாம போயிட்டான்'னு வீடியோல முதல்ல கத்தினது நீங்க. லீவர் போட்டிருந்ததுன்னு போலீஸ் சொன்னதும் லீக்னு எழுதிக் கொடுத்தீங்க. ஓனர் அப்படிச் சொல்லியிருந்தா தெரியாம சொல்றாருன்னு விட்டிருப்பேன். பதினஞ்சு வருஷ மெக்கானிக் அந்த வாக்கியத்தைத் தெரியாம எழுத மாட்டான்."

ஆஸ்டின் டிப்பரைப் பார்த்தான். பிறகு சிவகுமாரைப் பார்த்தான்.

"லாசரஸ் என் தம்பி" என்றான். "மண்டைல அடி வாங்கினதுலேர்ந்து சோத்த எடுத்து வாயில வைக்கத் தெரியாது. என்ன யாருன்னே தெரியாது. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொன்னப்ப, இந்தாளு வண்டிலேர்ந்து வுயுந்தான்னு நாலு பேர சாட்சி சொல்ல வெச்சாரு. அசரியா என் எதுக்கவே சிரிச்சான். குழாயடிலதான் நின்னுக்கினு சிரிச்சான்."

சிவகுமார் வாயைத் திறந்தார். "நீங்க அப்புறம் பேசலாம், உங்களுக்கும் கேள்வி இருக்கு" என்றார் தேவதர்ஷினி.

"தட்சிணாமூர்த்தி உங்களுக்கு என்ன பண்ணினாரு?" என்று ஞானஜோதி கேட்டார். அதுவரை ஏறாத அவர் குரல் இப்போது சற்றே ஏறியிருந்தது.

ஆஸ்டின் தலை குனிந்தான். "யாராவது வண்டிக்கடியில பாத்துருவாங்கன்னு பயந்துட்டேன். கூட்டத்த அந்தப் பக்கம் திருப்பணும்னு ஒரு அடி போட்டேன். ஒண்ணு ரெண்டு அடியோட வுட்டுருவாங்கன்னு நெனச்சேன். நிறுத்த முடியல." அவன் நிமிர்ந்தான். "கை சரியாயிடுமா மேடம்?"

"இடது கை சேர்ந்துடும். வலது கை இனிமே ஸ்டியரிங் பிடிக்காதுன்னு டாக்டர் சொல்றாரு."

அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு காவலர்கள் அவனைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

மாலை ஆஸ்பத்திரி வார்டில், கட்டிலோரமிருந்த காவலர் எழுந்து போனபின், ஞானஜோதி நடந்ததையெல்லாம் சொன்னார். கனகவல்லி கேட்டுக்கொண்டே கணவனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்டின் பெயர் வந்ததும் அவள் கை நின்றது.

தட்சிணாமூர்த்தியின் இரு கைகளும் மாவுக்கட்டில் நெஞ்சின்மேல் கிடந்தன.

"அந்த மொத அடி," என்றான் அவன், "யாரு போட்டான்னு எனக்குத் தெரியல மேடம். பின்னாலேர்ந்து வுயுந்துச்சு. கீழ வுயுந்ததும் நீலச் சட்ட தெரிஞ்சுது. நம்ம தோஸ்து ஆஸ்டின்தான்னு அவன் கால கெட்டியா கட்டிப் புடிச்சிக்கினேன். மச்சான், வுட்டுட்டுப் போயிடாதடான்னு."