படைத்த கீரை

மருதப்பன் முயல் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். லிஃப்ட் கதவு திறந்ததுமே சாம்பிராணி வாசனை. கூடைக்குள் ஏதோ இருக்கிறது என்கிற கனமே கையில் இல்லை.

"டாக்டர் என்னங்க சொன்னாங்க?" கதவைத் திறந்துவிட்ட செல்லக்கண்ணு கேட்டாள்.

"பல்லு நல்லா இருக்காம். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணுமே இல்லையாம். 'அங்கிள், உண்மையிலேயே சாப்பிடுதா, இல்ல சும்மா சொல்றீங்களா'ன்னு கேட்டாங்க லா அந்த முனீரா டாக்டர்."

"தட்டை நக்கி வைக்குது. அவங்களையே வந்து பார்க்கச் சொல்லுங்க."

"இப்படியே இளைச்சா இந்த மாசம் தாங்காதாம், செல்லா."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

புட்டு அவர்களுடைய மகள் கவிப்ரியாவின் முயல். தேக்கா சந்தையில் புட்டு மாயம் என்கிற இடியாப்பத்தைத் தின்றுகொண்டே அவள் வைத்த பெயர். போன வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து கவி போய்விட்டாள். பள்ளிக்கூடப் பை, செருப்பு, சைக்கிள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அவள் தொட்டு வளர்த்து, இன்னும் மூச்சு விடுவது புட்டு மட்டும்தான்.

இறந்தவர்களுக்குத் திதியிலும் அமாவாசையிலும் படைப்பார்கள். செல்லக்கண்ணு தினமும் படைத்தாள். சமைத்ததெல்லாம் முதலில் கவியின் அறையில், அவள் படத்துக்கு முன்னால் இலையில் போகும். பக்கத்திலேயே புட்டுவின் கீரைத் தட்டு. முயல் சாப்பிடாமல் கவி ஒரு வாய் வைத்ததில்லை, அதனால்தான். "வாம்மா, வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திவிடுவாள். வந்தவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, படைத்ததையே இவர்கள் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். கீரை புட்டுவுக்குப் போகும்.

அன்றும் செல்லக்கண்ணு கதவைச் சாத்திவிட்டு அப்பளம் பொரிக்கப் போனாள். மருதப்பன் புட்டுவை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதவோரமாக உட்கார்ந்தார். முயலின் முதுகெலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டியது.

புட்டுவின் காதுகள் நிமிர்ந்தன.

உள்ளே இலை சரசரத்தது.

பிறகு மெல்லுகிற சத்தம். அவசர அவசரமாக, மூச்சு வாங்க, பல நாள் பட்டினி கிடந்த பிள்ளை அள்ளி அள்ளித் தின்கிற சத்தம்.

அவர் புட்டுவை இறுகப் பிடித்துக்கொண்டார். சத்தம் அடங்கியதும் கதவைத் திறந்தார். இலையில் சோறு குவித்தபடியே இருந்தது. கீரையும் குறையவில்லை.

புட்டு தாவி இறங்கித் தட்டில் வாய் வைத்தது. அவர் ஒரு கொத்தமல்லிக் கிளையை எடுத்து மென்று பார்த்தார். மணமில்லை, ருசியில்லை. நனைந்த காகிதத்தை மென்ற மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து, படைக்காத கிளை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டார். மணம் மூக்கில் ஏறியது. புட்டு ஓடிவந்து அவர் காலைப் பிறாண்டியது, இன்னும் கொடு என்று.

திரும்பி மனைவியைப் பார்த்தார். அப்பளத்தை எடுக்கக் கையைத் தூக்கினாள். வளையல்கள் முழங்கை வரை வழுக்கி இறங்கின.

துக்கத்தால் இளைக்கிறோம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"செல்லா, இனிமே படைக்காத."

கேட்டதையும் ருசித்ததையும் சொன்னார். அவள் பயப்படவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"வந்து சாப்பிடுறாளா?" முகமே மலர்ந்துவிட்டது அவளுக்கு. "அப்போ எப்படிங்க நிறுத்துறது? புள்ள பசியோட இருப்பாளே!"

"நமக்குச் சக்கைதான் மிஞ்சுது. நாம போனா போறோம். புட்டு செத்துப்போச்சுன்னா கவி தாங்குவாளா, நீயே சொல்லு."

அவள் முயலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் எண்ணெய் புகைந்தது.

மறுநாள் யாரையும் கூப்பிடாமல் சாப்பிட உட்கார்ந்தார்கள். புட்டுவுக்குப் படைக்காத கீரை. முதல் கவளத்தை எடுக்கும்போதே அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டுகிற சத்தம்.

மெதுவாக. உள்ளங்கையால்.

செல்லக்கண்ணு எழப் போனாள். மருதப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தார்கள். சோற்றில் உப்பு உறைத்தது.

அடுத்தடுத்த நாட்களில் தட்டுவது குறைந்து, நின்றுபோனது. புட்டு தேறிவிட்டது. வயிறு உருண்டு, கழுத்தில் மடிப்பு விழுந்தது. "ஐயோ அங்கிள், இப்ப ஓவரா ஊட்டுறீங்க லா, கீரையைக் குறைங்க" என்று முனீரா டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மருதப்பன் சொன்னார். "கேட்டியா? நீ கொஞ்சமா வை."

"நானா? ஒரு வேளைதாங்க வைக்குறேன். நீங்கதான் ஆபீஸ் விட்டு வந்து வைக்குறீங்கன்னு நினைச்சேன்."

"நான் வைக்குறதே இல்லையே."

கவியின் அறையில் நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. இரண்டு பேரும் போய் எட்டிப் பார்த்தார்கள்.

புட்டு கழுத்தை நீட்டித் தின்றுகொண்டிருந்தது. அதன் முகத்துக்கு நேரே, தரையைத் தொடாமல், ஒரு கொத்தமல்லிக் கிளை காற்றில் நின்றது.

"நீ சாப்பிட்டியாம்மா?" செல்லக்கண்ணு கேட்டாள்.

கிளை அப்படியே நின்றது.

பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆடியது, இல்லை என்பதுபோல.