சில்வண்டு போடாத வட்டங்கள்

சில்வண்டுக்கு வாய் ஓயாது. அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் படகைத் தட்டும்போது மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள்.

அவளுடைய அம்மா படகு பழுதுபார்ப்பவர். ஃபைபர் படகுகளைத் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்துக் கொடுப்பார். தேய்க்கும் மிஷின் பல வருடம் போட்ட கூச்சலில் அம்மாவின் காது மந்தமாகிவிட்டது. ஆகவே பட்டறைக்குக் காது, பத்து வயது சில்வண்டுதான். ஒரு நாணயத்தால் படகு முழுக்கத் தட்டிக்கொண்டே போவாள். 'டிக்' என்றால் நல்ல இடம். 'டொப்' என்றால் உள்ளே ஒட்டு விட்டுப்போன இடம். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள். அவள் போட்ட வட்டத்தை அம்மா மறுபேச்சில்லாமல் நம்புவார்.

அந்தச் சனிக்கிழமை பட்டறைக்கு ஒரு கயாக் வந்தது. கடலில் துடுப்புப் போட்டுப் போகிற நீளமான ஒல்லிப் படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். வேன் கூரையிலிருந்து நடுரோட்டில் விழுந்து, பின்னால் வந்த லாரியிடமும் ஒரு இடி வாங்கியிருந்தது. "பழைய படகு, எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, சொந்தக்காரர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சில்வண்டு அம்மாவின் கையைப் பிடித்துத் தொங்கினாள். "அம்மா, ஊர்ல இருக்கிற படகையெல்லாம் சரி பண்றோம். நமக்குன்னு ஒண்ணுகூட இல்லையே!"

அம்மா கயாக்கைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றி வந்தார். அடிப்பக்கம் நீளமாக விரிசல் ஓடியது. "கண்ணுக்குத் தெரியற விரிசலைப் பத்திக் கவலையில்ல. தெரியாததுதான் ஆபத்து. நீ தட்டிப் பாரு. ஆறு வட்டம் வரைக்கும்னா ஒட்டிடலாம். அதுக்கு மேல போனா விட்டுடணும்டி. நடுக்கடல்ல பிளந்துக்கும்."

சில்வண்டு தட்டினாள். டிக், டிக், டொப். பாதிப் படகைத் தாண்டுவதற்குள் ஆறு வட்டமும் போட்டாகிவிட்டது.

முன் இருக்கைக்கு நேர் கீழே தட்டினாள். டொப்.

அதே இடத்தில் மறுபடியும் பயந்து பயந்து மெதுவாகத் தட்டினாள். மெதுவாக 'டொப்' என்றது.

சாக்பீஸ் கையில் இருந்தது. கைதான் எழவில்லை. 'சின்ன டொப்தானே' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு டொப். அவற்றுக்கும் அதே சமாதானம்.

"அம்மா! ஆறு! சரியா ஆறு!"

"அப்போ ஒட்டிடுவோம்" என்றார் அம்மா. கயாக்கை இருவருமாக நிமிர்த்தினார்கள். அம்மா பசை கலக்கப் போனார்.

எங்கிருந்தோ பட்டாணி ஓடி வந்தான். அவன் சில்வண்டின் தம்பி, ஐந்து வயது. யாரும் கூப்பிடாமலே முன் இருக்கையில் ஏறிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டான்.

"நான்தான் முன்னாடி! அக்கா பின்னாடி!"

"டேய், கடல்னா உனக்குப் பயமா இருக்காதா?"

"நீதான் தட்டிப் பார்த்துட்டியே, எனக்கென்ன பயம்?" என்றான் பட்டாணி.

சில்வண்டு வட்டம் போடாமல் விட்ட இடத்தின் மேல்தான் அவன் சரியாக உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, பசை கலக்காதம்மா. ஆறு இல்ல, ஒன்பது" என்று முணுமுணுத்தாள்.

"என்னது?" அம்மாவுக்குக் கேட்கவில்லை.

"ஒன்பது..."

"சத்தமாச் சொல்லேன்டி!"

வேறு வழியில்லை. சில்வண்டு கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். "ஒன்பது வட்டம்மா! மூணை நான் வேணும்னே போடல! போட்டா படகு போயிடுமேன்னு போடல!"

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா டப்பாவைக் கீழே வைத்தார்.

"இவனை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனேடி" என்றார். கோபமாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே நடுங்கிவிட்டது.

சில்வண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அம்மா அவள் மூக்கைத் துடைத்துவிட்டார். "சரி, இந்தப் படகு கடலுக்குப் போகாது. நீ சொன்னா சொன்னதுதான்."

பட்டாணிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "கடலுக்குப் போகாதுன்னா, தரையில போகுமா?" என்று கேட்டான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுல நல்லாவே போகும்டா."

பட்டாணி ஒரு துடைப்பத்தைத் துடுப்பாக்கி, சிமென்ட் தரையை ஓங்கித் தள்ளினான். "அக்கா, சீக்கிரம் ஏறு! பெரிய அலை வருது. கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

பின் இருக்கை காலியாகத்தான் இருந்தது. சில்வண்டு அங்கே போகவில்லை. தம்பிக்குப் பின்னால் அதே இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அவன் இடுப்பை இரண்டு கைகளாலும் கெட்டியாகக் கட்டிக்கொண்டாள்.